ஐயாயிரத்துக்கு ஒரு தடவை

அன்று காலை நாலாம் நம்பர் வண்டி மேட்டில் ஏறியது இரண்டாவது நடையா மூன்றாவதா என்பதில் இன்றுவரை ஒருமித்த பேச்சு இல்லை. பனி இருந்தது என்கிறார்கள் சிலர். பனியில்லை, கல் உடைக்கும் கிரஷரின் தூள் என்கிறார்கள் மற்றவர்கள். டிரைவர் குச்சியைக் கேட்டால் நெடுநேரம் தரையைப் பார்த்துவிட்டு, "ரெண்டும் இருந்திருக்கும்" என்பான். நாள், மணி, யார் முதலில் ஓடினார்கள் என்பதெல்லாம் இங்கே கொஞ்சம் முன்பின்னாக இருக்கலாம். மறுநாள் வண்டி ஷெட்டில் நடந்த பேச்சு மட்டும் பிசகவில்லை. கேட்டவர்கள் எல்லோரும் அதை ஒரே மாதிரிதான் சொல்கிறார்கள்.

ஜல்லி ஏற்றுகிற வேலை விடியும் முன்பே தொடங்கிவிடும். சுமையாட்களை முதலாளி போன வருஷமே நிறுத்திவிட்டார். அதனால் டிரைவர்களே சட்டியில் அள்ளி, தோளுக்குத் தூக்கி, பிக்கப் வண்டியின் பின்னால் கொட்ட வேண்டும். ஒன்றேகால் டன் சுமக்கிற வண்டியில் இரண்டரை டன். வெளிச்சம் வருவதற்குள் தோள்பட்டை மரத்துப்போகும். பல்லிடுக்கில் கல்தூள் நறநறக்கும். எச்சில் துப்பினால் சாம்பல் நிறத்தில் விழும்.

எட்டு வண்டி, எட்டு டிரைவர்கள். அதில் ஒல்லியானவன் குச்சி. உடம்பை வைத்து மட்டும் வந்த பெயரில்லை அது. வண்டியைக் கிளப்பும் முன் தினமும் பானெட்டைத் திறந்து, ஆயில் அளக்கும் குச்சியை உருவி, துணியில் துடைத்து, மறுபடி விட்டு எடுத்துப் பார்ப்பான். பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லமாட்டான். பேசுவதற்கு நாலைந்து வார்த்தைகளைத்தான் ஒரு நாளைக்கு ஒதுக்கி வைத்திருப்பவன் போல இருப்பான்.

வண்டியோடு வந்த புத்தகத்தில் தெளிவாகத்தான் போட்டிருந்தது. நல்ல ரோட்டில் ஓடினால் பத்தாயிரம் கிலோமீட்டருக்கு ஒரு தடவை ஆயில் மாற்றலாம். தூசி, மேடு, கனத்த சுமை என்றால் ஐயாயிரத்துக்கு ஒரு தடவை. ஆரம்பத்தில் முதலாளி அப்படித்தான் மாற்றினார். பிறகு பத்து என்றார். பிறகு இருபது.

"இப்ப வர்ற ஆயில் நல்லா உழைக்குதுப்பா. என் கார்லயே வருஷத்துக்கு ஒரு தடவைதான் மாத்துறேன்" என்றார்.

"உங்க கார் ஜல்லி சுமக்குதா, மொதலாளி?" என்று கேட்டாள் டிரைவரக்கா. எட்டுப் பேரில் அவள் ஒருத்திதான் பெண். எல்லோரும் சிரித்தார்கள். முதலாளி சிரிக்கவில்லை. அடுத்த சனிக்கிழமையே புதுச் சட்டம் போட்டார். வாரா வாரம் அவரே ஆயில் குச்சியை உருவிப் பார்ப்பார். அளவு குறைந்திருந்தால் டிரைவர் ஆயிலைத் திருடி விற்றுவிட்டான் என்று அர்த்தம். ஒரு நாள் கூலி கிடையாது.

தேய்ந்த இன்ஜின் ஆயிலைக் குடிக்கத்தான் செய்யும். அதை அவருக்கு யார் சொல்வது?

வழி கண்டுபிடித்தவன் குச்சிதான். ஷெட்டுக்கு எதிர்ப்புறம் ஒரு மெக்கானிக் கடை. ஊர் வண்டிகளிலிருந்து இறக்கிய பழைய ஆயில் அங்கே பீப்பாயில் கிடக்கும். அதில் ஒரு கேன் வாங்கி, துணியில் வடிகட்டி, சனிக்கிழமை காலையில் அரை லிட்டர் ஊற்றினான். அளவு நிறைவாகக் காட்டியது. முதலாளி அளவைத்தான் பார்த்தார், நிறத்தைப் பார்க்கவில்லை. நாலாம் நம்பர் வண்டி ஓட்டிய தங்கை புருஷனுக்கும் அவனே ஒரு கேன் கொண்டுபோய்க் கொடுத்தான்.

"மாப்ளே, சனிக்கிழமை காலையில ஊத்திக்க. கூலி பிழைக்கும்."

"இன்ஜின் பிழைக்குமா, மச்சான்?"

குச்சி பதில் சொல்லவில்லை. அந்தப் பேசாமையை நினைத்துத்தான் பிற்பாடு அவனுக்குத் தூக்கம் போயிற்று.

அன்று காலை மேட்டின் முக்கால் பாகத்தில் நாலாம் நம்பர் வண்டி ஒரு மாதிரி முனகியது. பின்னால் வந்த குச்சிக்கு அந்தச் சத்தம் கேட்டது. இரும்பை இரும்பு கடிக்கிற சத்தம். அவ்வளவுதான், இன்ஜின் இறுகி நின்றுவிட்டது. இன்ஜின் நின்றால் பிரேக் கல் மாதிரி ஆகிவிடும், ஸ்டியரிங் திரும்பாது. இரண்டரை டன் ஜல்லியோடு வண்டி பின்னோக்கி உருண்டது. குச்சி தன் வண்டியை ஓரத்தில் ஒடித்தான். நாலாம் நம்பர் அவனை உரசிக்கொண்டு போய்ப் பாறைச் சரிவில் மோதிக் கவிழ்ந்தது. மாப்பிள்ளையின் வலது கால் கதவுக்கும் பாறைக்கும் நடுவில் கிடந்தது. ஜல்லியைக் கையால் தோண்டித்தான் அவனை வெளியே எடுத்தார்கள். குச்சியின் நகங்கள் இரண்டு அங்கேயே போயின. அது அவனுக்குச் சாயங்காலம்தான் தெரிந்தது.

ஆஸ்பத்திரி வராந்தாவில் தங்கை சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள்.

"அண்ணே, ஷெட்டிலேருந்து ஆள் வந்துச்சு. இவரு வேஸ்ட் ஆயில் ஊத்தி இன்ஜினைக் கெடுத்துட்டாராம். இன்ஜின் காசு நாமதான் கட்டணுமாம். வைத்தியத்துக்கு ஒண்ணும் தரமாட்டாங்களாம். ஞாயித்துக்கிழமைக்குள்ள ரூமைக் காலி பண்ணணுமாம்."

ஷெட்டுக்குப் பின்னால் வரிசையாக இருந்த எட்டு அறைகளும் முதலாளியுடையவை. வேலை போனால் கூரையும் போகும்.

"இவரு அப்படியெல்லாம் செய்வாரா, அண்ணே? யாரு இவருக்குச் சொல்லிக் குடுத்திருப்பா?"

குச்சி எழுந்து உள்ளே போனான்.

மாப்பிள்ளை கண்ணை மூடியபடியே கிடந்தான். முழங்காலுக்குக் கீழே கட்டு, அதற்கும் கீழே என்ன இருக்கிறது என்று யாரும் சொல்லவில்லை.

"மச்சான்தானே? நடையிலயே தெரியுது" என்றான். கொஞ்ச நேரம் கழித்து, "நீ குடுத்தேன்னு எங்கயும் சொல்லிடாத" என்றான்.

"மாப்ளே..."

"ரெண்டு வீடும் ஒரே நேரத்துல தெருவுக்கு வரக்கூடாது. ஒரு வீடாவது நிக்கட்டும். இவளும் பிள்ளைகளும் எங்க போய்ப் படுப்பாங்க? உன் வீட்லதான். என் தலையோட போகட்டும் இது."

குச்சி கட்டிலின் இரும்புக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

மறுநாள் காலை முதலாளி எல்லோரையும் ஷெட்டுக்கு அழைத்தார். நாலாம் நம்பர் இன்ஜினிலிருந்து இறக்கிய ஆயில் ஒரு வெள்ளைத் தட்டில் இருந்தது. விரலை வைத்தால் தார் மாதிரி இழுபட்டது.

"இது ஆயிலா? சொல்லுங்க, இது ஆயிலா? சோறு போட்ட வண்டியில குப்பையை ஊத்தியிருக்கான்." மேஜையில் ஒரு தாளை வைத்தார். "நாலாம் நம்பர் டிரைவர் தானாவே வேஸ்ட் ஆயில் ஊத்தினான்னு எழுதியிருக்கு. எல்லாரும் சாட்சிக் கையெழுத்துப் போடுங்க. மொதல்ல நீ வாப்பா." குச்சியைக் காட்டினார். "சொந்தக்காரனே போட்டுட்டா அப்புறம் பேச்சே இல்ல. உன் ரூமுக்கு ஒரு குறையும் வராது. என் வார்த்தை."

குச்சி தாளை எடுத்தான். படித்தான். மறுபடி படித்தான். அவன் மனதில் மாப்பிள்ளை சொன்ன கணக்கு ஓடியது. ஒரு வீடு போனால் இன்னொரு வீடு நிற்கும். கையெழுத்துப் போட்டால் தங்கை பிள்ளைகளுக்குப் படுக்க இடம் இருக்கும். ஆனால் அந்த இடத்தில் படுத்து அவனால் கண்மூட முடியுமா? நாளைக்கு இன்னொரு வண்டி உருளும்போது இந்தத் தாளை யார் பெயருக்கு எழுதுவார்கள்?

"என்னப்பா, எழுத்து தெரியலையா?"

"தெரியுது, மொதலாளி. ஒரு பேரு விட்டுப்போச்சு."

"யாரு பேரு?"

"என் பேரு. கேன் நான்தான் வாங்கிக் குடுத்தேன். எப்படி ஊத்தணும்னு சொன்னதும் நான்தான். என் வண்டியிலயும் அதுதான் இருக்கு."

அவன் ஒரே மூச்சில் அவ்வளவு பேசி யாரும் கேட்டதில்லை. முதலாளியின் முகம் முதலில் வெளிறியது. பிறகு தெளிந்தது. ஒருவனுக்குப் பதில் இருவர் கிடைத்துவிட்ட தெளிவு.

"ரெண்டு ரூம் காலி" என்றார்.

"மூணா எழுதிக்கங்க" என்றாள் டிரைவரக்கா. "இவன் எனக்குச் சொல்லித் தரல. நானே வீட்ல துணியில வடிகட்டி ஊத்தினேன். தெரியாம அந்தத் துணியில எங்க வீட்டுக்காரர் மூஞ்சியத் தொடச்சிட்டாரு. ஒரு வாரம் அவரைக் கண்ணாடிகூட அடையாளம் காணல."

யாரோ சிரிப்பை அடக்க முடியாமல் இருமினார்கள். அந்த இருமலோடு ஒருவன் முன்னால் வந்தான். "நானும்தான்." அவனுக்குப் பின்னால் இன்னொருவன். "நான் ரெண்டு வருஷமா." ஒவ்வொருவனும் தனக்கு மட்டுமே தெரியும் என்று நினைத்துக்கொண்டு, மற்றவர்களுக்குத் தெரியாமல், அதே பீப்பாயிலிருந்து வாங்கியிருந்தான்.

"அடப்பாவி" என்றான் ஒருவன் பக்கத்திலிருந்தவனிடம். "போன மாசம் மூட்டுவலிக்குத் தைலம்னு சொல்லி ஒரு கேன் கொண்டுபோனியே?"

"எல்லாம் திருட்டுக் கூட்டம்!" முதலாளி மேஜையில் அடித்தார்.

"ஏன் ஊத்தினோம்னு கேளுங்க, மொதலாளி" என்றாள் அக்கா. "அளவு குறைஞ்சா கூலியப் பிடிச்சது யாரு? இருபதாயிரம்னு சொன்னது யாரு?"

"வேலையை விட்டுப் போங்க. டிரைவரா கிடைக்கமாட்டான்?"

"கிடைப்பான்" என்றான் குச்சி. "இந்த ஆயிலோட அந்த மேட்டுல ஏறச் சொல்லுங்க. ஏழு வண்டியும் நாலாம் நம்பர்தான், மொதலாளி. அது நேத்து நின்னுச்சு, அவ்வளவுதான்."

முதலாளி அன்று முதல்முறையாக வெளியே நின்ற வண்டிகளைத் திரும்பிப் பார்த்தார்.

குச்சி தாளைப் புரட்டி வெற்றுப் பக்கத்தில் எழுதினான். ஐயாயிரம் கிலோமீட்டருக்கு ஒரு தடவை ஆயில் மாற்ற வேண்டும். நாலாம் நம்பர் டிரைவரின் வைத்தியச் செலவை முதலாளி ஏற்க வேண்டும். யாரையும் அறையிலிருந்து வெளியேற்றக் கூடாது. அதுவரை வண்டி நகராது. நகம் போன விரலால் எழுதியதால் கையெழுத்து கோணலாக இருந்தது. கீழே ஏழு பெயர்கள். ஷெட்டிலிருந்து நேராக ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். குச்சி தங்கையிடம் எல்லாவற்றையும் சொன்னான். அவள் அவனை அடித்தாள். பிறகு தாளை வாங்கிக்கொண்டு உள்ளே போய்ப் புருஷனிடம் பேனாவைக் கொடுத்தாள். பெயர்கள் எட்டு ஆயின.

அதற்குப் பிறகு நடந்தது இதுதான். மாப்பிள்ளையின் கால் தப்பியது, முழங்கால் மடங்கவில்லை. தங்கை குச்சியிடம் இன்னும் சரியாகப் பேசுவதில்லை. ஆனால் இரண்டு குடும்பமும் ஒரே அறையில்தான் இருக்கிறது, ஏனென்றால் மாப்பிள்ளையின் அறையை முதலாளி பூட்டிவிட்டார். மற்ற அறைகளைப் பூட்ட வந்த அன்று எல்லோரும் வாசலில் உட்கார்ந்துகொண்டதால் பூட்டவில்லை. வெளியாட்கள் இரண்டு பேர் வண்டி எடுக்க வந்தார்கள். பானெட்டைத் திறந்து பார்த்துவிட்டுப் போய்விட்டார்கள். நாலாம் நம்பரிலிருந்து இறக்கிய ஆயில் எப்படி இருந்தது என்று எதிர்க்கடை மெக்கானிக் எழுதிக் கொடுத்திருக்கிறார். டிரைவர்களில் ஒருவன் பசி தாங்காமல் வேறு ஊருக்கு வேலைக்குப் போய்விட்டான். வாரா வாரம் போன் செய்து விசாரிக்கிறான். அக்கா ஒரு பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறாள், சம்பளத்தில் பாதியை அரிசியாக வாங்கி வந்து பொதுவில் வைக்கிறாள். டிரைவர்கள் கொடுத்த புகார்மேல் தொழிலாளர் அலுவலகத்தில் விசாரணை மூன்று தடவை தள்ளிப்போயிற்று. நாலாவது வாய்தா வருகிற திங்கட்கிழமை. மாப்பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போவதற்கு நாற்காலி ஒன்று ஏற்பாடாகியிருக்கிறது. தூக்க ஆறு பேர் பெயர் கொடுத்திருக்கிறார்கள். நான்கு பேர் போதும் என்று சொல்லியும் யாரும் பெயரைத் திரும்ப வாங்கிக்கொள்ளவில்லை.