ஏழாவது செவுள்

பூச்சிகள் ஊறும் புட்டியின் அடியில் அந்தத் துணுக்குகளைப் பார்த்த ராத்திரி மலர்விழி தூங்கவில்லை. கடுகில் பாதிகூட இல்லாத இலை வடிவத் துணுக்குகள். கள்ளக்குறிச்சிக் கல்லூரி ஆய்வுக்கூடத்தில் மூன்று வருடம் கண்ணைக் கெடுத்துக்கொண்டு அவள் கண்டுபிடித்த புது இனத்தின் தலையெழுத்தே அவற்றில்தான் இருந்தது. ஓடைக்கல்லின் அடியில் வளர்ந்து, இறக்கை முளைத்த ஓரிரு நாளில் செத்துப்போகும் மேஃப்ளை பூச்சி. அந்த வகையறாவுக்கெல்லாம் வயிற்றோரம், தண்ணீரில் மூச்சுவிட இலை இலையாக ஏழு ஜோடி செவுள். அவள் பிடித்த பதினொன்றுக்கும் ஆறுதான். அதனால்தான் அது புது இனம்.

ஆனால் பதினொன்றும் ஆல்கஹாலில் ஊறி, மலைப்பாதை பஸ்ஸில் குலுங்கிக் குலுங்கி இறங்கியவை. ஏழாவது பிறவியிலேயே இல்லையா, வழியில் உதிர்ந்ததா? மைக்ரோஸ்கோப்பில் வடு இருப்பதுபோலும் இருந்தது, இல்லாததுபோலும் இருந்தது. உயிரோடு ஒன்றைப் பார்த்தே ஆகவேண்டும். ஆராய்ச்சி இதழுக்குக் கட்டுரையின் கடைசிப் படியை மறுநாள் மாலை ஐந்து மணிக்குள் அனுப்ப வேண்டும். முதல் பஸ்ஸில் ஏறிவிட்டாள்.

மலைமேல் கரியாலூர் ஓடையில் காலையிலிருந்து கண்ணகி கல்லைப் புரட்டிக்கொண்டிருந்தாள். சாமை வயலை விட்டுவிட்டு மூன்று வருடமாகக் கூட நின்றவள். பூச்சிக்கு வைத்த பெயரும் அவளுடையதுதான்.

"எம் பொண்ணு ஸ்கூல்ல சொல்லி கைதட்டுனாங்களாம் மேடம். மறுபடி இன்னாத்துக்குத் தேடிக்கினு இருக்கோம்?"

மலர்விழி விஷயத்தைச் சொன்னாள்: ஏழு இருந்தால் புது இனமுமில்லை, பெயருமில்லை. கண்ணகி அடுத்த கல்லைப் புரட்டினாள்.

நாலு மணிக்கு ஆய்வு வழிகாட்டி காசிநாதன் போனில் வந்தார். "அனுப்பிட்டியாம்மா?"

"ஒரு சந்தேகம் சார்..."

"சந்தேகப்பட நேரமா இது? உன் பிஎச்டியே இதுலதான் நிக்குது." வைத்துவிட்டார்.

"இதோ ஒண்ணு," என்றாள் கண்ணகி.

வெள்ளைத் தட்டில் விட்ட பூச்சி ஓரமாய் ஒட்டி நின்று செவுள்களைத் துடிக்கவிட்டது. முதுகில் இறக்கைப் பை கறுத்திருந்தது. எந்நேரமும் தோலுரித்துப் பறந்துவிடும். மலர்விழி லென்ஸைப் பிடித்தாள். ஆறாகவே இருக்கட்டும் என்று மனசு வேண்டிக்கொண்டது அவளுக்கே வெட்கமாக இருந்தது. நாலு, ஐந்து, ஆறு. அதற்கும் பின்னால், ஒட்டினாற்போலக் குட்டியாக இன்னொன்று துடித்தது. மறுபடி எண்ணினாள். மறுபடியும் துடித்தது.

"நீங்க எண்ணுங்க கண்ணகி."

கண்ணகிக்கு லென்ஸ் தேவைப்பட்டதே இல்லை. மணலுக்கும் பூச்சிக்கும் வித்தியாசத்தைக் கைநீள தூரத்தில் சொல்லக்கூடிய கண். வெகுநேரம் குனிந்து பார்த்தாள். நிமிர்ந்து மலர்விழியின் முகத்தைப் பார்த்தாள்.

"ஆறுதாங்க மேடம்."

மலர்விழி லென்ஸை இறக்கினாள். மூன்று வருடத்தில் கண்ணகி சொன்ன முதல் பொய். யாருக்காகச் சொன்னாள் என்று பிரித்துப் பார்க்க முடியவில்லை.

அதற்குள் பூச்சியின் முதுகு வெடித்தது. ஈர இறக்கைகள் நிமிர்ந்தன. தட்டு விளிம்பில் ஒரு கணம் நின்றுவிட்டு அது ஓடைக்கு மேலே பறந்துபோனது. உரித்த தோல் மட்டும் தண்ணீரில் மிதந்தது. செவுள்களெல்லாம் அதிலேயே ஒட்டியிருந்தன.

போன் மறுபடி அடித்தது. கண்ணகியின் கை தட்டை ஓடைப்பக்கம் மெல்லச் சாய்த்தது. மலர்விழி மறுவிளிம்பைப் பிடித்துக்கொண்டாள். இருவரும் விடவில்லை. சாய்ந்த தண்ணீரில் தோல் விளிம்புவரை போய் நின்றது. அதன் கடைசியில் அந்தக் குட்டி இலை அசைந்துகொண்டிருந்தது.