சந்ததி இல்லை

ரொட்டி ஆலைக்கு விடுமுறையான செவ்வாய்க்கிழமைகளில் குராலாய் ஆவணக் காப்பகத்தின் வாசிப்பறைக்குப் போய்விடுவாள். பார்ப்பதற்குக் கட்டணம் கிடையாது, நகல் எடுத்தால்தான். அதனால் பென்சிலும் பள்ளிக்கூட நோட்டுமாக உட்கார்ந்து கையாலேயே எழுதிக்கொள்வாள். இரண்டு குளிர்காலங்கள் இப்படியே கழிந்தன. மார்ச் மாதத்தில் ஒரு நாள், அநாதை விடுதியின் பழைய பேரேட்டில், பஞ்ச வருடமான 1933க்கான பக்கத்தில் அந்த வரி கிடைத்தது.

'ஷைமெர்தென், சுமார் நான்கு வயது. தகப்பன் இதெம்கென், பட்டினியில் இறந்தார். கொண்டுவந்து விட்டவர்: தகப்பனின் தமையன் பைசக். வண்டியில் இன்னொரு சிறுவன் இருந்தான். அவனைத் திரும்ப அழைத்துச் சென்றார்.'

அந்த விடுதியில் வளர்ந்த ஷைமெர்தென் அவளுடைய அப்பா. பைசக் என்ற பெயரையும் அவள் பார்த்திருந்தாள். கைபேசியைத் திறந்தாள். பெரிய மனிதர் நூர்பெயிஸ் தன் வம்ச மரத்தை இணையத்தில் ஏற்ற வைத்திருந்தார். யாரும் இலவசமாகப் பார்க்கலாம். அவர்மேல் இருந்த வெறுப்பில் அதை அவள் எத்தனையோ முறை பார்த்திருக்கிறாள். தொலெபாய்க்கு இரண்டு மகன்கள்: பைசக், இதெம்கென். பைசக்கின் கீழே நூர்பெயிஸில் தொடங்கி, கிளை கிளையாக எழுபது பேர். இதெம்கெனின் கீழே இரண்டே சொற்கள். சந்ததி இல்லை.

"என்னக்கா, கெடச்சிருச்சா?" என்றாள் மேசையிலிருந்த பெண்.

"ஆள் கெடச்சுட்டான்" என்றாள் குராலாய்.

இருபத்தெட்டு வருடங்களுக்கு முன்பு அந்த நூர்பெயிஸ் தன் மகன் எசென்தாய்க்குப் பெண் கேட்டு குராலாயின் வீட்டுக்கு வந்திருந்தார். எசென்தாயும் குராலாயும் விரும்பியிருந்தார்கள். தேநீர் ஊற்றிக்கொண்டிருந்த அப்பாவிடம், "ஏழு தலைமுறைப் பேரச் சொல்லுங்க" என்றார். அப்பாவுக்குத் தெரிந்தது ஒரே பெயர். விடுதி வாசலில் காவலிருந்தவனுடைய பெயர். பிறகு சான்றிதழ் கொடுத்த விடுதிக்காரர்கள், பழைய பேரேட்டைப் பார்க்காமல் அதையே தகப்பன் பெயராக எழுதிவிட்டிருந்தார்கள். அதைச் சொன்னார். நூர்பெயிஸ் வயிறு குலுங்கச் சிரித்தார். "காவக்காரனுக்குப் பொறந்தவனா நீ? காத்துல உருளுற முள்ளுச்செடிக்குக்கூட எங்கயாவது வேர் இருக்குமேய்யா!" கூட வந்தவர்களும் சிரித்தார்கள். கிண்ணங்களைத் தொடாமலேயே எழுந்து போனார்கள். அதன்பிறகு அப்பா சாகும்வரை ஒரு விருந்துக்கும் போகவில்லை.

வீட்டுக்குப் போகும் பேருந்தில் இன்னொன்றும் அவளுக்கு உறைத்தது. அவர்கள் வழக்கத்தில், ஏழு தலைமுறைக்குள் உறவிருப்பவர்கள் மணமுடிப்பது பாவம். கல்யாணம் நடந்திருந்தால் அண்ணன் முறைக்காரனையே கட்டியிருப்பாள். கிழவர் தெரியாமலேயே சரியானதைச் செய்திருக்கிறார். அதை நினைக்க நினைக்க அவளுக்கு ஆத்திரம்தான் கூடியது.

மே மாதம் நூர்பெயிஸ் தன் வம்ச வரலாற்றைப் புத்தகமாக்கி விருந்து வைத்தார். எண்பத்தொன்பது வயது. முதன்மை இருக்கையில் பட்டு அங்கியோடு அமர்ந்திருந்தார். பக்கத்து மேசையில் இருநூறு பிரதிகள் அடுக்கியிருந்தன. குதிரை இறைச்சித் தட்டுகள் வந்து இறங்கும் நேரத்தில் குராலாய் நேராக அவர் முன்னால் போய் நின்றாள்.

"நல்லாருக்கீங்களா, பெரியப்பா?"

எசென்தாய் பதறி எழுந்தான். "குராலாய், இன்னிக்கு வேணாம்."

"நீ உக்காரு அண்ணே."

அவன் முகம் வெளுத்தது. அவள் சத்தமாகச் சொன்னாள்: "ஷைமெர்தென், இதெம்கென், தொலெபாய், காராஷா, மோல்தபெக், எஸ்கரா, ஜான்குத்தி. கேட்டீங்களே, ஏழு பேர். எங்கப்பாவால சொல்ல முடியல. நான் சொல்றேன்."

மூன்றாவது பெயரிலிருந்தே கூடம் அடங்கிவிட்டது. அவை அந்த வீட்டுக் குழந்தைகளும் தூக்கத்தில் ஒப்பிக்கும் பெயர்கள். குராலாய் நோட்டை விரித்துப் பேரேட்டு வரியை வாசித்தாள். வண்டியிலிருந்த இன்னொரு சிறுவனிடம் வந்ததும் நிறுத்தி, கிழவரைப் பார்த்தாள்.

"உள்ள போய்ப் பேசலாம்மா" என்றார் அவர்.

"எங்கப்பாவ நீங்க உள்ள கூட்டிட்டுப் போயா கேட்டீங்க?"

நூர்பெயிஸ் அவள் கையிலிருந்த நோட்டையே பார்த்தார். "செத்துட்டான்னுதான் எங்கப்பா சொன்னாரு. விடுதில விட்டப்ப அவன் கால்ல என்னோட பூட்ஸு. குளுருதுன்னு அழுதான். கழட்டிக் குடுத்தேன்."

குராலாய் நோட்டை மூடினாள்.

"பூட்ஸப் பத்தி நான் கேக்கல. சந்ததி இல்லன்னு போட்டிருக்கீங்க. அடிச்சிட்டு, அங்க எங்கப்பா பேர எழுதுங்க."

"அடுத்த பதிப்புல கண்டிப்பா..."

"இதுலயே. ஒவ்வொண்ணுலயும். உங்க கையால."

"குடு, நான் எழுதறேன்" என்று எசென்தாய், அவள் பையிலிருந்து எடுத்த பேனாவுக்குக் கை நீட்டினான். அவள் தரவில்லை. விருந்தினர் யாரும் அவனுக்குப் பரிந்து பேசவில்லை. கிழவர் சுற்றிலும் பார்த்தார். பிறகு கையை நீட்டிப் பேனாவை வாங்கினார்.

முதல் பத்துப் பிரதிகள் வேகமாகப் போயின. முப்பதில் அங்கியின் கைப்பகுதியை மடித்துவிட்டுக்கொண்டார். தட்டுகளில் கொழுப்பு வெள்ளையாக உறைந்துவிட்டது. ஒருவரும் கை வைக்கவில்லை. நாற்பத்தொன்றாவதில் பேனா வழுக்கி, கடைசி எழுத்து கோட்டுக்குக் கீழே சரிந்தது. குராலாய் குனிந்து பார்த்தாள்.

"அப்பா பேரு சரியா விழல, பெரியப்பா. திரும்ப எழுதுங்க."

அவர் எழுதி முடித்ததும், மை காயும்வரை மெதுவாக ஊதி, அந்தப் பிரதியை மூடி வைத்துவிட்டு, அடுத்ததை அவர் முன்னால் விரித்துப் பிடித்தாள்.