சிரிக்கப் பயந்தவள்

பார்லரில் சன்னலோர நாற்காலி அவளுடையது. பக்கத்து நாற்காலியில் முடி வெட்டும் அக்காவுக்குச் 'சரவெடி' என்று பெயர். அந்த அக்கா வாயைத் திறந்தால் சிரித்துக் குலுங்கும் வாடிக்கையாளர்களின் காது தப்புவதே பெரும்பாடு.

ஏழாம் மாதத்தில் சன்னலோர நாற்காலிக்காரியின் குழந்தை வயிற்றிலேயே இறந்து பிறந்தது. பத்து வாரம் கழித்து வேலைக்குத் திரும்பினாள். முதல் நாளே சரவெடி ஏதோ சொல்ல, குபீரென்று சிரித்தவள், கத்தரிக்கோலைப் போட்டுவிட்டுக் கழிவறைக்கு ஓடினாள். கால்சட்டை நனைந்திருந்தது.

வெளியே இருந்தவர்கள் அவள் அழுகிறாள் என்றே முடிவு கட்டினார்கள். "பாழாப்போன வாய்" என்று சரவெடி தன் வாயிலேயே போட்டுக்கொண்டாள். அன்றிலிருந்து பார்லர் பரீட்சை அறையானது. அவளும் உண்மையைச் சொல்லவில்லை. தண்ணீர் குடிப்பதைக் குறைத்தாள். கறுப்புக் கால்சட்டை மட்டுமே போட்டாள்.

வேன் ஓட்டும் கணவனுக்கு மட்டும் தெரியும். வழியிலுள்ள கழிவறைகள் எல்லாம் அவனுக்கு மனப்பாடம். "பேக்கரியில சாவி கேக்கணும். பெட்ரோல் பங்க்ல கேக்க வேணாம்." பிறகு மெதுவாக, "டாக்டரைப் பாக்கலாமே?" என்பான்.

"இது பிள்ளை பெத்தவங்களுக்கு வர்றது. நான் எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டுப் போறது?"

அவன் அடுத்த பெட்ரோல் பங்க்கில் வேனை ஓரங்கட்டினான்.

ஒரு மத்தியானம், துண்டு மடித்துக்கொண்டிருந்தபோது சரவெடி கண் கலங்கினாள். "அன்னிக்கு உன்னை அழ வெச்சுட்டேன்டி."

"அழலக்கா. சிரிச்சதுல... ஒண்ணுக்குப் போயிட்டேன்."

"அடிப்பாவி! அதுக்கா ஒரு மாசமா வாயத் தைச்சு வெச்சிருக்கேன்? ரெண்டாவது பொறந்ததுலேருந்து எனக்கும் இதே கதைதான். நாலு தும்மல் சேந்து வந்தா நாலு பேர் முன்னாடி நடனமே ஆடுவேன்."

ஆடியும் காட்டினாள். "போதும்க்கா, ஐயோ!" என்று இவள் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

"நிறுத்தாதே. முழுக்க நனைஞ்சாச்சு, முக்காடு எதுக்கு?"

மறுவாரம் இருவரும் சேர்ந்தே, இடுப்புத் தசைக்குப் பயிற்சி தரும் பிசியோதெரபிஸ்டிடம் போனார்கள். அந்த அம்மாள் எல்லாவற்றையும் கேட்டுவிட்டுச் சொன்னார்: "குழந்தை வீட்டுக்கு வந்துச்சா இல்லையான்னு தசைக்குத் தெரியாதும்மா. ஏழு மாசம் சுமந்துச்சு, பெத்துச்சு. நீங்களும் பெத்தவங்கதான்."

அதுவரை யாரும் அவளிடம் அப்படிச் சொன்னதில்லை. அங்கேதான் அவள் நிஜமாகவே அழுதாள். அழுது முடியும்வரை காத்திருந்து, அந்த அம்மாள் பயிற்சி சொல்லிக்கொடுத்தார்: சிறுநீரை அடக்குவதுபோல் தசையை உள்ளே இழுத்து, பத்து எண்ணி, விட வேண்டும். தண்ணீரையும் குறைக்கக் கூடாது.

முடி வெட்டும்போதே செய்து பழகினாள். "என் முடி அவ்வளவு மோசமா? உங்க மூஞ்சி ஒரு மாதிரி போகுதே!" என்றாள் கண்ணாடியில் பார்த்த ஒருத்தி.

"அவ கொஞ்சம் அடக்கி வாசிக்கிறா" என்றாள் சரவெடி.

நாலு மாதத்தில் முக்கால்வாசி சரியானது. அப்போது நிறைமாத வயிற்றோடு ஒரு புது வாடிக்கையாளர் வந்து உட்கார்ந்தாள். "உங்களுக்கு எத்தனை பிள்ளைங்க?"

பார்லரே கத்தரியை நிறுத்தியது.

"ஒண்ணு பெத்தேன். தங்கல" என்றாள் அவள். குரல் உடையவில்லை. "நடுவுல அவசரமா இருந்தா சொல்லுங்க. பாதி வெட்டோட போனாலும் இங்க யாரும் எதுவும் நினைக்க மாட்டாங்க."

"அப்ப இப்பவே போகணுமே" என்றாள் அந்தப் பெண், கழுத்தில் கட்டிய துணியோடு எழுந்து.