குமிழ் ஏழில் நின்ற வீடு

ஜூன் பதினொன்று, புதன்கிழமை. ஓய்வுபெற்ற ஆசிரியரின் குறை இதுதான்: வீட்டு ஃப்ரீசர் அளவுக்கு மீறிக் குளிர்கிறது.

பட்டாணிப் பொட்டலம் ஒரே கல்லாய் இறுகிவிட்டது. ரொட்டியை வெட்டப் போன கத்தியின் முனை ஒடிந்தது. ஞாயிறன்று மைத்துனர் ஐஸ்கிரீமைக் கடித்தார். கடைவாய்ப் பல் ஆட்டங்கண்டது. நலம் விசாரித்திருக்க வேண்டிய ஆசிரியரோ, "போன வாரம் ஐஸ் எடுக்க அதைத் திறந்தது நீங்கதானே? எதையோ திருகி வெச்சிருக்கீங்க," என்றார்.

மைத்துனர் கன்னத்தைப் பிடித்தபடி எழுந்தார். "மன்னிப்புக் கேக்கற வரைக்கும் இந்த வாசப்படி மிதிக்க மாட்டேன் அத்தான்."

அன்று முதல் மனைவி ஆசிரியரிடம் பேசவில்லை. வீட்டில் வேறு ஆள் இல்லாததால் அலமாரியிடம் பேசினார். "மெக்கானிக் வந்து என் தம்பி மேல தப்புன்னு சொன்னா, அவனை நான் மன்னிப்புக் கேக்க வெக்கறேன். இல்லேன்னா அவர் கேக்கணும். சொல்லிடு."

அலமாரி சொல்லவில்லை, ஆசிரியர் கேட்டுக்கொண்டார்.

மெக்கானிக் பெண் வந்தார். கதவிடுக்கில் ஒரு தாளை வைத்துச் சாத்தி இழுத்தார், தாள் அசையவில்லை. "ரப்பர் நல்லா இருக்கு." சென்சாரைச் சோதித்தார், அதிலும் பழுதில்லை. பிறகு டார்ச்சை உள்ளே அடித்தார். "குமிழ் ஏழுல நிக்குதே. யார் வெச்சது?"

"நான்தான்," என்றார் ஆசிரியர் நிமிர்ந்து. "மூணுல இருந்தப்போ மைனஸ் பத்தொன்பது காட்டிச்சு. பதினெட்டுதான் முறை. குளிரைக் குறைக்க அஞ்சாக்கினேன், இன்னும் குளிர்ந்தது. ஏழாக்கினேன்."

"சார், நம்பர் ஏற ஏறக் குளிரும் ஏறும். ஒரே ஒரு டிகிரிக்கா இந்தப் பாடு?"

முப்பத்தோராண்டு அரை மதிப்பெண்ணைக்கூடச் சும்மா விடாத கை அது. ஒரு டிகிரியை விடுமா?

"அதை எங்கேயும் எழுதலையே அம்மா!"

மனைவி இழுப்பறையைத் திறந்து கையேட்டின் நான்காம் பக்கத்தைப் பிரித்தார். 'எண் கூட கூட குளிர் கூடும்' என்று அச்சாகியிருந்தது. விடுபட்ட இரண்டு 'க்'கையும் சிவப்பு மையில் சேர்த்திருந்தது ஆசிரியரின் கை. திருத்தியிருந்தார், படிக்கவில்லை.

"பாத்தியா?" என்றார் மனைவி, அலமாரியிடம். "ஃபோன் மேசை மேல இருக்குன்னு அவர்கிட்ட சொல்லு."

ஆசிரியர் மைத்துனரின் எண்ணை அழுத்தினார். "பிழை என்னுடையது. மன்னிச்சிடுங்க."

"சத்தமாச் சொல்லுங்க அத்தான். பல்லு வலியில காது கேக்கல."

மூன்றாம் முறை சொன்னபோது பக்கத்து வீட்டுச் சன்னல் திறந்தது.

"போதுங்க," என்றார் மனைவி, மூன்று நாளுக்குப் பின் அவர் முகத்தைப் பார்த்து. "டீ போடறேன்."

வாசகரே, இதைக் கீழே வைத்துவிட்டு எழுந்து போங்கள். உங்கள் ஃப்ரீசரின் குமிழ் எந்த எண்ணில் நிற்கிறது என்று பாருங்கள். பார்த்து முடிக்கும்வரை எந்த மைத்துனரையும் ஒரு சொல் சொல்லாதீர்கள்.