நாலு வருடமாகத் தொலைந்திருந்த கருவி

ஸ்பெயினில் வீகோ கப்பல் பட்டறையின் சாமான் அறை வேலையை வாங்கியே தீருவதென்று வீம்பாகப் போனேன். கிரேக்கத்திலிருந்து இங்கே வாழ்க்கைப்பட்டு எட்டு மாதம். நாத்தனார் கடையில் மீன் கழுவிக் கழுவி என் கையை எனக்கே பிடிக்கவில்லை. ஸ்பானிஷ் மொழியோ ரொட்டி வாங்கும் அளவுக்குத்தான் வரும்.

மழைத் தண்ணீர் புகுந்து அறையின் பெயர்ச்சீட்டெல்லாம் ஊறிப்போயிருந்தது. அளவுக் கருவிகள் மேஜைமேல் குவிந்து கிடந்தன. மேஸ்திரி செவெரீனோ ஒரு பட்டியலை நீட்டினார்.

“பத்துக் கருவியோட பேரு இருக்கு. பத்து மணி ரொட்டிக்குள்ள எது எதுன்னு சீட்டு ஒட்டணும். ஒண்ணு தப்பினாலும் வேலை கிடையாது.”

கடைசல்காரன் ஷுர்ஷோ சிரித்தான். “பத்தாவது காணாமப் போயி நாலு வருஷம் ஆச்சு. பாவம், கிரேக்கத்தம்மாவ ஏன் அலையவிடுறீங்க?”

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பட்டியலைப் பார்த்தேன். அட, எல்லாம் எங்கள் கிரேக்கச் சொற்கள். மெத்ரோ என்றால் அளவு; எதை அளக்கிறது என்று முன்பாதியே சொல்லிவிடும். அனெமோமெத்ரோவில் காற்று இருக்கிறது. சுழலும் கிண்ணங்கள் வைத்ததில் ஒட்டினேன். பிரோமெத்ரோவில் நெருப்பு, உலைக்குள் நீட்டும் கம்பியில் ஒட்டினேன். தாய்ப்பாலோடு குடித்த சொல்லுக்கு அகராதி எதற்கு? ஒன்பதும் முடிந்தது.

பத்தாவது, பக்கிமெத்ரோ. பக்கிஸ் என்றால் எங்களுக்குத் தடிமன். குண்டு ஆளையும் அப்படித்தான் சொல்வோம். ஒட்டுவதற்குத்தான் மேஜையில் எதுவும் மிச்சமில்லை.

மணி அடித்தது. மேஸ்திரி ரொட்டியைப் பிரித்தார். பையிலிருந்து இரண்டு தாடை வைத்த இரும்பு அளவுகோலை எடுத்து, உள்ளே இருந்த பன்றித்தொடைத் துண்டைக் கவ்வினார்.

“ரெண்டு மில்லிமீட்டர். என் பொண்டாட்டி கஞ்சத்தனத்தப் பாருங்கடா.”

நான் எழுந்து போய்ப் பத்தாவது சீட்டை அதன்மேல் ஒட்டினேன்.

“என்னம்மா இது? இதுக்குப் பேரு அரசன் பாதம். இங்க எல்லாரும் அப்படித்தான் சொல்லுவோம்.”

“சொல்லிக்குங்க மேஸ்திரி. இப்ப எதை அளந்தீங்க?”

“தடிமன.”

“பட்டியல்லயும் அதான் எழுதியிருக்கு. நாலு வருஷமா உங்க பையிலதான் தொலைஞ்சிருக்கு.”

ஷுர்ஷோவுக்குச் சிரித்துச் சிரித்துப் புரையேறியது. மேஸ்திரி பட்டியலைப் பார்த்தார், கையைப் பார்த்தார், அறைச் சாவியைக் கழற்றி என் முன்னால் வைத்தார்.

எனக்குப் பெருமை தாங்கவில்லை. அவர் கையிலிருந்ததை வாங்கித் துடைத்து, அலமாரியில் வைத்துப் பூட்டினேன்.

“இனிமே வேணும்னா பேரைச் சொல்லிக் கேளுங்க மேஸ்திரி” என்றேன்.