ஆணி அடிக்காத மூடி

பற்றரியில் ஓடும் வானொலியை நம்பித் தேத்தண்ணிக்கடை நடத்துகிறவனுக்குத்தான் அந்தத் தொல்லை தெரியும். சத்தம் வாசலைத் தாண்டாது. வவுனியாவில் பெரிய ஸ்பீக்கர் ஒன்று வாங்கி வந்து, அதற்குப் பெட்டி செய்ய முல்லைத்தீவுத் தச்சர் செபமாலையிடம் போனேன். தேயிலைப் பெட்டிப் பலகையைக் காட்டினேன். அவர் விரலால் சுண்டிப் பார்த்தார்.

“இது மெல்லிசு, முத்தலிப் நானா. தகரம் மாதிரி அதிரும். வெறும் பலகை எண்டா கடல்காத்துக்கு வளைஞ்சு மூட்டு விட்டிடும். தடிச்ச ஒட்டுப்பலகைதான் வேணும்.”

அந்தப் பலகையில் செய்தது அவரிடம் ஒன்றுதான் இருந்தது: சுவரோடு சாய்த்து வைத்த சவப்பெட்டி. புயலன்று மீன்பிடிக்கப் போய்த் திரும்பாத மரியநேசனுக்காக அவன் தமையன்மார் செய்வித்தது. உடல் கரை ஒதுங்கவில்லை.

நான் வேண்டாமென்றேன். கேள்விப்பட்டு அவன் மனைவி யூலிற்றா வந்தாள்.

“வெட்டுங்கோ. அவர் உயிரோட வருவார். இந்தப் பெட்டி இருந்து அவரைக் கூப்பிடக்கூடாது.”

செபமாலை வெட்டினார். மூலைகளைப் பல்லுப்பல்லாகச் செதுக்கிக் கோத்து, வச்சிரப் பசை பூசி இறுக்கினார். குறை சொல்ல இடமில்லை. பின்பலகைக்கு மட்டும் சவப்பெட்டியின் மூடியை வெட்டி வைத்தார். அதற்கு ஆணி அடிக்கமாட்டேனென்று நின்றார், பிடிவாதக்காரர்.

“ஆள் உள்ளுக்கு வராமல் மூடிக்கு ஆணி அடிக்கிறதில்லை, நானா. எங்கட வழக்கம்.”

கயிற்றால் கட்டித் தந்தார். உருப்படுமா? வானொலியின் ஒவ்வொரு சொல்லுக்கும் மூடி தட்டியது, உள்ளே ஆள் இருந்து தட்டுவதுபோல. நானே ஆணி அடித்திருப்பேன், யூலிற்றாவுக்காக விட்டேன். புயலில் அள்ளுண்டு இந்தியக் கரையில் உயிரோடு ஒதுங்கியவர்களின் பெயர்களை அப்போது வானொலியில் வாசித்தார்கள். மாலைதோறும் வந்து பெட்டியருகே நிற்பாள்.

“கேக்குதே நானா? வாறன் எண்டு சொல்லுறார்.”

அவள் முகம் தெளியத் தெளிய எனக்குப் பயம் கூடியது.

ஒருநாள் பெயர்கள் முடிந்துவிட்டன, இனி எவருமில்லை என்று வாசித்தார்கள். அவள் வீட்டுக்குப் போனாள். திரும்பி வந்தபோது கையில் மரியநேசனின் சாரமும் சட்டையும் இருந்தன.

“சுத்தியல் தாங்கோ நானா.”

கயிற்றை அவிழ்த்து, துணிகளை மடித்து உள்ளே வைத்து, மூடிக்கு அவளே ஆணி அடித்தாள்.

மறுநாள் குரல் கனமாக, அதிர்வில்லாமல் வந்தது. நல்ல பெட்டி என்று கடைக்கு வந்தவர்கள் மெச்சினார்கள். யூலிற்றா வரவில்லை. எல்லாரும் போனபின் பின்பலகையில் காதை வைத்துப் பார்த்தேன். ஒரு தட்டுமில்லை. அன்றைக்குத்தான் மரியநேசனுக்காக அழுதேன்.