வாத்து மூன்று முறை ஆடும்

ஆடுகிற எதையும் பார்த்துக்கொண்டு என்னால் சும்மா இருக்க முடியாது. டீக்கடை மேசை ஆடினால் டீயை ஆறவிட்டு, காகிதத்தை மடித்து அதன் காலுக்கு முட்டுக் கொடுப்பேன். யார் வீட்டுக்குப் போனாலும் முதலில் கதவுக் கைப்பிடியைத்தான் அசைத்துப் பார்ப்பேன். பிழைப்பும் அதற்குத் தோதாக அமைந்துவிட்டது. மூக்குக்கண்ணாடி பழுது பார்க்கிறேன். கடுகளவு திருகுகளை இறுக்கியே நாள் ஓடிவிடும். இப்படிப்பட்டவன் வீட்டு வாசலில், என் மனைவியின் காரில், ஒரு வாத்து ஒன்றரை மாதமாக ஆடிக்கொண்டிருந்தது.

அவள் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவள். கார் பழையது. ரேடியோவுக்கான ஏரியல் கம்பி, முன்பக்கம் பானெட்டின் ஓரத்திலிருந்து கிளம்பி விறைப்பாக நிற்கும். அதன் நுனியில், அவளிடம் படித்துத் தேறிய யாரோ ஒருவர் நன்றிக்கடனாகச் செருகிவிட்டுப் போன வாத்து அது. மஞ்சள் ஸ்பாஞ்சு உடம்பு, எலுமிச்சம்பழ அளவு, முகத்தில் ஒரு கறுப்புக் கண்ணாடி. அந்தக் கண்ணாடியும் கோணல். தொழில்காரனுக்கு வயிறு எரியுமா எரியாதா?

புதன்கிழமை மத்தியானம் சாப்பிடும்போது அவளே பேச்சை எடுத்தாள்.

“ஏங்க, வாத்து ரொம்ப லூசாயிடுச்சு. நாளைக்கு வழியில எங்கயாவது விழுந்து தொலைக்கும். விழாத மாதிரி ஏதாவது பண்ணிக் கொடுங்க. பெருசா ஒண்ணும் வேண்டாம்.”

‘பெருசா வேண்டாம்’ என்பது எனக்குத் தெளிவாகவே கேட்டது. ஆனால் ஒன்றரை மாதம் காத்திருந்தவனிடம் போய் அதைச் சொல்லலாமா? கம்பி நுனியைச் சுரண்டித் துடைத்தேன். சூடு காட்டினால் சுருங்கிப் பிடித்துக்கொள்ளும் குழாய் ஒன்றைக் கண்ணாடிக் கால்களுக்காக வைத்திருப்பேன். அதில் ஒரு துண்டை மாட்டினேன். மேலே இரண்டு சொட்டு பசை விட்டு, வாத்தை அழுத்தி, பத்து நிமிடம் பிடித்துக்கொண்டு நின்றேன். அதன் கறுப்புக் கண்ணாடியையும் நேராக்கினேன். பிறகு பானெட்டில் ஓங்கி ஒரு தட்டு தட்டிப் பார்த்தேன். பாஸ்போர்ட் படத்துக்கு உட்கார்ந்தவன் மாதிரி வாத்து அசையவே இல்லை. அன்றைக்கு அவ்வளவு நிம்மதியாகத் தூங்கினேன்.

மறுநாள் வியாழன், என் அக்காவுக்கு ஐந்தாவது ஓட்டுநர் தேர்வு.

அக்காவுக்கு நாற்பத்தேழு வயது. வீட்டில் அவளுக்கு எக்ஸ்பிரஸ் என்று பெயர். நாம் கேள்வியை முடிப்பதற்குள் பதில் வந்துவிடும். பதில் முடிவதற்குள் அவள் வாசலுக்குப் போயிருப்பாள். பத்தொன்பது வருடமாக நூலகத்தில் ஒரே மேசைக்குப் பின்னால் உட்கார்ந்து புத்தகத்துக்கு முத்திரை குத்துகிறாள். நூலகத்துக்கு ஒரு சின்ன வேன் உண்டு. வெளியே வர முடியாதவர்களுக்குப் புத்தகத்தை வாசலுக்கே கொண்டுபோகும். அதன் ஓட்டுநர் ஓய்வு பெறுகிறார். வேனை எனக்குக் கொடுங்கள் என்று அக்கா மேலதிகாரியிடம் போய் நின்றாள். லைசென்ஸோடு வாருங்கள், தருகிறேன் என்றார் அவர். நான்கு தேர்வு வரை பொறுத்தார். வெள்ளிக்கிழமை வேறொருவருக்குக் கடிதம் தயாராகிவிடும் என்று இந்த வாரம் சொல்லிவிட்டார்.

நான்கு முறையும் ஒரே காரணம்தான். நிறுத்தக் கோட்டில் சக்கரம் முழுதாக நிற்க வேண்டும். அவள் வண்டி நிற்காது. நிற்பது போல ஒரு பாவனை காட்டிவிட்டுக் கிளம்பிவிடும். “என் கண்ணுக்கு நின்ன மாதிரிதான் இருந்துச்சு” என்பாள். நான் விடுவேனா? “நாலு பரீட்சைக்கும் சேர்த்து நாலு லைசென்ஸா தருவாங்களோ?” என்று சிரிப்பேன். அவளும் கூடவே சிரிப்பாள். சிரித்துவிட்டுத் தட்டில் எதையாவது கிளறிக்கொண்டிருப்பாள். அதை நான் கவனித்திருக்க வேண்டும்.

வியாழன் காலை கடையைப் பூட்டிவிட்டு நானும் காரில் ஏறினேன். அக்கா ஓட்டினாள். பக்கத்தில் என் மனைவி. அவள் காலடியில் கற்றுக்கொடுப்பவருக்கென்று தனி பிரேக் உண்டு. பின்சீட்டில் நான். முதல் நிறுத்தக் கோடு வந்தது. அக்கா வேகத்தைக் குறைத்தாள், பானெட் ஓரத்தை ஒரு பார்வை பார்த்தாள், அப்படியே போகத் தொடங்கினாள். என் மனைவி பிரேக்கை மிதித்தாள்.

“அண்ணி, வண்டி நிக்கவே இல்ல.”

“நின்னுச்சேம்மா. வாத்து நின்னுச்சே.”

“வாத்து எங்க ஆடுச்சு நிக்கிறதுக்கு?”

இரண்டு பேரும் வாத்தைப் பார்த்தார்கள். பிறகு இரண்டு பேரும் மெதுவாகத் திரும்பி என்னைப் பார்த்தார்கள்.

“நீங்கதான விழாத மாதிரி பண்ணச் சொன்னீங்க?” என்றேன். பயம் வந்தால் மனைவிக்கும் மரியாதை தருவேன்.

விஷயம் அப்போதுதான் வெளியே வந்தது. மனதுக்குள் மூன்று எண்ணிவிட்டுக் கிளம்புங்கள் என்று முதலில் சொல்லிக்கொடுத்திருக்கிறாள் மனைவி. அக்கா மூன்றையும் ஒரே மூச்சில் எண்ணிவிடுவாள். சக்கரத்தை உணருங்கள், சாலையைப் பாருங்கள் என்று மற்றதெல்லாம் சொல்லியும் பலிக்கவில்லை. கடைசியில் கண்ணில் பட்டது வாத்து. வண்டி உருளும் வரை அது ஆடும். முழுதாக நின்ற பிறகு மூன்று முறை ஆடிவிட்டு ஓயும். வாத்து ஓய்ந்தால்தான் கிளம்ப வேண்டும் என்று சட்டம் போட்டாள். எண்ணிக்கையை அவசரப்படுத்தலாம், வாத்தை அவசரப்படுத்த முடியாது. ஒன்றரை மாதமாக அக்கா ஒரு கோட்டைக்கூடத் தவறவிடவில்லையாம்.

“இதை என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?”

“நாந்தான் சொல்ல வேண்டாம்னேன்” என்றாள் அக்கா, சாலையைப் பார்த்தபடியே. “இந்த வயசுல வாத்தைப் பாத்துக் கார் ஓட்டுறேன்னு தெரிஞ்சா நீ வருஷம் பூரா அதையே சொல்லிச் சிரிப்படா.”

சிரித்திருப்பேன். அதுதான் சுருக்கென்று தைத்தது. என் வாய்க்குப் பயந்து அவள் மறைத்தாள். அவள் மறைத்ததால் என் கை வேலையைக் காட்டிவிட்டது.

தேர்வு மைதானத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது அவள் முறைக்கு இருபத்தைந்து நிமிடம் இருந்தது. சட்டைப்பையில் எப்போதும் ஒரு சின்னத் திருப்புளியும் பேனாக்கத்தியும் இருக்கும். வாத்தைத் திருகினேன், இழுத்தேன், கெஞ்சினேன். அசையவில்லை. என் பசையைப் பற்றி வாடிக்கையாளர்களிடம் எவ்வளவு பெருமை அடித்திருக்கிறேன்! கடைசியில் கத்தியை விட்டுச் சுற்றி அறுத்ததில் வாத்து கையோடு வந்தது. ஆனால் அடியில் பெரிய பொத்தல். இனி வெறும் கம்பியில் வைத்தால் முதல் வளைவிலேயே பறந்துவிடும். பிடிக்கவும் வேண்டும், ஆடவும் வேண்டும். இருபது வருடமாக இறுக்கத்தான் கற்றேன். அளவாக ஆட வைக்க யாரும் கற்றுத்தரவில்லை.

நெற்றியைத் துடைக்கக் கண்ணாடியைக் கழற்றியபோதுதான் கண்ணில் பட்டது. அதன் கால் நுனியில், காதை உறுத்தாமல் இருக்க, மெத்தென்று ஒரு ரப்பர் உறை. பாதியைக் கம்பியில் செருகி மீதியை வெறுமனே மேலே நிற்க விட்டால் அது வளைந்து ஆடும், வாத்தையும் விடாது. உறையைப் பிடித்து இழுத்தேன். வரவில்லை. பல்லால் கடித்து இழுத்தேன். உறை வந்தது, கூடவே காலும் வந்தது, ஒரு பக்கத்து வில்லை, அதுவும் என் நல்ல கண்ணுக்கானது, துள்ளிக் காருக்கடியில் உருண்டு போனது. ஊரார் திருகையெல்லாம் இறுக்குகிறவன், என் கண்ணாடித் திருகு லூசாகி மூன்று மாதம்.

“அப்புறம் தேடிக்கலாம்” என்றாள் மனைவி. “முதல்ல வாத்து.”

உறையை மாட்டி வாத்தை உட்கார வைத்தேன். மனைவி காரை நான்கடி நகர்த்தி நிறுத்தினாள். அக்கா எண்ணினாள். “ஏழு. ஏழு தடவை ஆடுதுடா. அதுவரைக்கும் நான் நின்னா பின்னாடி இருக்கறவன் இறங்கி வந்து அடிப்பான்.” உறையைக் கொஞ்சம் கீழே இறக்கினேன். இரண்டு. நூலளவு ஏற்றினேன். ஒன்று, இரண்டு, மூன்று, ஓய்ந்தது. அக்கா என் தலையில் தட்டினாள். சின்ன வயதில் அவளுக்குப் பிடித்ததை நான் செய்தால் தட்டுகிற அதே தட்டு.

தேர்வு அதிகாரி வந்தார். அட்டையும் பேனாவுமாக வாத்தைப் பார்த்தார், ஒற்றைக் கால் ஒற்றை வில்லைக் கண்ணாடியைக் கையில் பிடித்திருந்த என்னைப் பார்த்தார்.

“இது எதுக்கு?”

“அழகுக்குங்க” என்றாள் என் மனைவி.

அவர் கேட்டது வாத்தையா என்னையா, அவள் பதில் சொன்னது எதற்கு என்று எனக்குத் தெரியவில்லை. அவர் ஏறிக்கொண்டார். கார் கிளம்பியது. ‘நறுக்’ என்று ஒரு சத்தம் கேட்டது. என் வில்லை.

இனி எனக்குத் தெரிந்ததெல்லாம் ஒரு வெள்ளைக் கலங்கலும் அதன் ஓரத்தில் ஒரு மஞ்சள் பொட்டும்தான். மைதானத்தின் வாசலில் முதல் நிறுத்தக் கோடு. மனைவி என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

“போறாங்க. குறைக்கிறாங்க. கோடு வந்துடுச்சு.”

“நிக்குதா? சொல்லேன்.”

“ஆடுது. ஒண்ணு... ரெண்டு...” அவள் நகம் என் கையில் பதிந்தது. “மூணு. நின்னுடுச்சு. இப்பதாங்க கிளம்புறாங்க.”

பொட்டு தெருவுக்குள் போய் மறைந்தது. இருபது நிமிடம் நான் மைதானத்துக் கம்பி வேலியில் லூசாக இருந்த ஒரு முடிச்சைக்கூடத் தொடவில்லை. அக்கா தேறிவிட்டால் இனி அவளைக் கேலியே செய்வதில்லை என்று சபதம் செய்தேன். பிறகு அதை, வாரத்துக்கு ஒரு முறை என்று திருத்திக்கொண்டேன்.

கார் திரும்பி வந்து எங்களுக்கு நேர் எதிரில் நின்றது. அதிகாரி இறங்கி, கதவைச் சாத்திவிட்டு, அடுத்த காரைப் பார்த்துப் போனார். அக்கா இறங்கவில்லை.

“முகம் எப்படி இருக்கு?” என்றேன்.

“தெரியலைங்க. நேராப் பாத்துட்டே உக்காந்திருக்காங்க.”

எனக்குப் பொறுக்கவில்லை. ஓடிப்போய்க் கார்க் கதவின் கண்ணாடியைத் தட்டினேன். அது இறங்கியது. உள்ளே இருந்து ஒரு விரல் மட்டும் மேலே எழுந்தது.

“இருடா. அவர் கதவைச் சாத்துனதுல ஆடுச்சு. இப்ப நீ தட்டுனதுல திரும்ப ஆடுது.”

கேள்வி முடிவதற்குள் பதில் சொல்கிற என் அக்கா, வாழ்நாளில் முதல்முறையாக என்னைக் காத்திருக்கச் சொன்னாள். ஆடுகிற ஒன்றின் முன்னால் கையைக் கட்டிக்கொண்டு நானும் நின்றேன். மஞ்சள் பொட்டு இப்படியும் அப்படியும் போனது. பிறகு ஓய்ந்தது.

அவள் இன்ஜினை அணைத்தாள். ஒரு காகிதத்தை என் கையில் திணித்தாள். எட்டப் பிடித்தும், மூக்கில் ஒட்டி வைத்தும் எனக்கு ஓர் எழுத்துகூடத் தெரியவில்லை.

“அக்கா, கண்ணாடி இல்லக்கா. நீயே சொல்லு.”

“சொல்றேன்” என்றாள். குரல் உடைந்து, சிரிப்பும் அழுகையும் கலந்து வந்தது. “திங்கட்கிழமை வேன்ல ஏறுறேன். ஞாயித்துக்கிழமைக்குள்ள அதுக்கு ஒரு வாத்து மாட்டிக் கொடுடா. ரொம்ப இறுக்கிடாத.”